ஓர வரிசையைக் கழித்துவிட்டு எவ்வளவு?

"செடியின் மரபணுவை மாற்றினார்கள், விளைச்சல் 40 சதவீதம் கூடிவிட்டது" என்று நண்பர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். கூடவே நான்கு கைத்தட்டல் பொம்மைகள். இந்த மாதிரிச் செய்தி வருடத்துக்கு இரண்டு மூன்றாவது என் கைக்கு வந்துவிடுகிறது. அத்தனையும் பலித்திருந்தால் இந்நேரம் தானியத்தைக் கொட்டிவைக்க இடம் இருந்திருக்காது.

பொய்ச்செய்தி என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அளந்ததைத்தான் சொல்கிறார்கள். எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதுதான் தலைப்புக்குள் வராது.

நண்பர் அனுப்பியது 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. விஷயம் அருமையானது. இலைக்குள் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஒரு கோளாறு உண்டு: கரியமில வாயு என்று நினைத்து அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்ய, செடி ஒரு பெரிய சுற்றுவழியில் போய், சேர்த்து வைத்த ஆற்றலைச் செலவழிக்கிறது. வெயில் ஏற ஏற இந்தத் தண்டச் செலவும் ஏறும். இல்லினாய் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு இதற்கு ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்தது. வயலிலேயே நட்டு, இரண்டு பருவம் பார்த்தார்கள். 40 சதவீதம் கூடியது.

ஆனால் பயிர் புகையிலை. கூடியது செடியின் காய்ந்த எடை, தானியம் அல்ல. மரபணுவைப் புகுத்திப் பார்க்கச் சுலபமான செடி என்பதால் புகையிலையை எடுத்தார்கள், அதில் தப்பே இல்லை. செய்தி கைமாறி வந்த வழியில் 'எடை' எங்கேயோ 'விளைச்சல்' ஆகிவிட்டது.

சரி, எடை கூடினால் விளைச்சலும் கூடத்தானே செய்யும்? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. வரப்போரம் நிற்கும் பயிரைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே நிற்பதைவிடத் தூர் அதிகம் கட்டியிருக்கும், இலை கரும்பச்சையாக இருக்கும், கதிரும் திரட்சியாக இருக்கும். விதை ஒன்றுதான், உரம் ஒன்றுதான். ஒரு பக்கம் அண்டைச்செடி இல்லை, வெளிச்சத்துக்கும் வேருக்கும் போட்டி குறைவு, அவ்வளவுதான். அதனால்தான் ஒழுங்காக வயல்சோதனை செய்கிறவர்கள் பாத்தியின் ஓர வரிசைகளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். நடுவில் நிற்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். பசுமைக்குடிலில் ஒரு தொட்டிக்கு ஒரு செடி வைத்து அளப்பது என்றால், நான்கு பக்கமும் வரப்பு இருக்கிற செடியை அளக்கிற மாதிரி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தனியாக நன்றாக வளரும் செடி, கூட்டத்தில் பக்கத்துச் செடியை அமுக்கித்தான் வளர்கிறது என்றால் ஏக்கர் கணக்கில் லாபமே இல்லை. நல்ல பயிர்ச்செடி என்பது போட்டியில் பலவீனமான செடியாக இருக்க வேண்டும் என்று 1968இலேயே டொனால்ட் என்ற பயிரியல் அறிஞர் எழுதிவிட்டார். அதே காலத்தில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குள்ள நெல்லையும் நெட்டை நெல்லையும் கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். தனி வயலில் அதிகம் விளையும் குள்ள ரகம், கலப்பில் நெட்டையின் நிழலில் சிக்கித் தோற்றது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 என்ற குள்ள நெல் ஜெயித்தது, வயல் முழுக்கக் குள்ளமாகவே நின்றதால்தான்.

அதே இல்லினாய் கூட்டத்தின் இன்னொரு ஆய்வு, 2022இல் வந்தது, சோயாவில். கடும் வெயிலில் இலை மிகுதி ஒளியை வெப்பமாக வெளியே தள்ளும். மேகம் மறைத்ததும் அந்தத் தற்காப்பை உடனே நிறுத்தாது, சில நிமிடங்கள் இழுக்கும். அந்த நேரத்தில் கிடைக்கும் வெளிச்சமும் வீண். அதை வேகப்படுத்தினார்கள். முதல் வருடம் விதை விளைச்சல் 33 சதவீதம் வரை கூடியது. அடுத்த வருடம் மழையும் காற்றும் அடித்துப் பயிர் சாய்ந்துவிட, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. இதை அவர்கள் மறைக்கவில்லை. அந்த இரண்டாம் வருடத்தைச் சொன்னதால்தான் முதல் வருடத்தின் மீது எனக்கு மரியாதை வருகிறது. செய்தியில் 33 மட்டும்தான் வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

விதை நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. கார்ட்டேவா என்ற நிறுவனம் 2000 முதல் 2018 வரை சுமார் 1,671 மரபணுக்களை மக்காச்சோளத்தில் புகுத்தி வயலில் சோதித்து, கணக்கை 2021இல் வெளியிட்டது. உறுதியாகத் தேறியதாக அவர்கள் காட்டியவை 22. பதினெட்டு வருட உழைப்பு! தோற்றதையும் சேர்த்து வெளியிட்டார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு ரகமான வேலை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும், ஆனால் விளைச்சல் சுமார்தான். 1996இல் அந்தக் குணம் இருக்கும் இடத்தை ஒன்பதாவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். 2006இல் அதற்குக் காரணமான சப்1ஏ மரபணு கையில் கிடைத்தது. ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் அந்தக் குணத்தைச் சேர்த்த ஸ்வர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் வெளியானது. சாதாரண நெல் மூழ்கியதும் தலையை வெளியே நீட்டப் பதறி வளர்ந்து, இருக்கிற சர்க்கரையைத் தீர்த்துவிட்டுச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்தி, அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். விளைச்சலைக் கூட்டுகிறேன் என்று இது சொல்லவே இல்லை. வெள்ளம் வராத வருடம் பழைய ஸ்வர்ணா மாதிரியேதான். அதனாலேயே தலைப்புச் செய்திக்கு லாயக்கில்லை.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர், "அப்போ அந்த 40 என்ன ஆச்சு?" என்றார். அதே குறுக்குவழியை உருளைக்கிழங்கில் போட்டு, வெப்ப அலை வீசிய ஒரு பருவத்தில் கிழங்கு எடை 30 சதவீதம் கூடியதாகச் சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் நட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு வந்ததும் நானே அவருக்கு அனுப்புகிறேன் என்றேன், கைத்தட்டல் பொம்மையோடு.