குட்டி வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தான். கைப்பேசியில் ஒரு லேப்ரடார் குட்டியின் படத்தைக் காட்டி, "மாமா, எட்டாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்கள், வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, கையில் எட்டாயிரம் இருக்கத்தான் செய்யும். நான் பதில் சொல்லாமல் பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

மகளின் காதணி விழாவுக்கு வாங்கிய நோட்டு அது. பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் நாய் செவலை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கான செலவை அதில்தான் எழுதுகிறேன். 'பெயர்' என்று அச்சடித்த இடத்தில் குடற்புழு மாத்திரை, 'ஊர்' என்ற இடத்தில் தேதி, 'தொகை' என்ற இடத்தில் ரூபாய். செவலைக்கு நான் விலை எதுவும் கொடுக்கவில்லை. ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி. இன்றைய தேதிக்கு நோட்டின் கூட்டுத்தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அவன் நம்பாமல் பக்கங்களைப் புரட்டினான். நம்ப முடியாததாக அதில் ஒன்றும் இல்லை. பிராய்லர் கடையில் வாங்கும் கோழித் தலை, கால், கழுத்து, அவளுக்கென்று கூடுதலாக வேகும் அரிசி, அவ்வப்போது முட்டை எல்லாம் சேர்ந்து இப்போது மாதம் 2,000 ரூபாய் ஆகிறது. பையில் விற்கும் நாய் உணவு வாங்குகிறவர்களுக்கு, அதுவும் லேப்ரடார் போன்ற பெரிய நாய் என்றால், இன்னும் ஏறும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடம் தவறாமல் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள். பணம் இல்லாததால் போடவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வார இடைவெளியில் போடும், பார்வோ என்ற குடல் நோய்க்கான தடுப்பூசியையும் விடக்கூடாது. எங்கள் தெருவில் ஒரு குட்டி இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போட்டதால் இரத்தமாகக் கழிந்து நான்கே நாளில் செத்தது. மிச்சம் பிடித்தது அறுநூறு ரூபாய். குளுக்கோஸ் ஏற்றியதற்கு மட்டும் ஏழாயிரம் செலவழித்தார்கள், அப்படியும் பிழைக்கவில்லை.

அடுத்தது உண்ணி. நம் ஊர் வெயிலுக்கு அது வருடம் முழுவதும் பெருகும். ஒரு சித்திரையில் செவலையின் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஆமணக்கு முத்து போல நான்கு உண்ணிகள் இரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன. அந்த மாதம் மருந்து வாங்குவதை நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன். பத்து நாளில் காய்ச்சல் வந்தது, ஈறு வெளுத்தது. இரத்தப் பரிசோதனை, நான்கு வாரம் தொடர்ந்து மாத்திரை, மறுபடி பரிசோதனை. நோட்டில் அந்தப் பக்கம் முழுவதும் அதுதான்.

ஆனால் நான் செய்த பெரிய தவறு வேறு. செவலைக்கு ஒரு வயது ஆகும்போதே கருத்தடை செய்துவிடச் சொன்னார் மருத்துவர். ஐயாயிரம் ஆகும் என்றதும், வீட்டுக்குள் இருக்கிற நாய்தானே என்று விட்டுவிட்டேன். ஆறு வயதில் ஒருநாள் இரவு அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. சட்டியை நிரப்ப நிரப்பக் காலி செய்தாள். கோழி ஈரலை வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயது ஏற ஏற வரக்கூடியது அது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்றார்கள். 18,000 ரூபாய். மாதக் கடைசி. மனைவி ஒன்றும் சொல்லாமல் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடையில் நின்றபோது, ஐயாயிரத்துக்குக் கணக்குப் பார்த்த என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பூனைக்குச் செலவே இல்லை என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. மாடி வீட்டு அக்காவின் பூனைக்குக் காய்ச்சல் வந்தபோது, வீட்டில் இருந்த பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. மருத்துவரிடம் போகும் செலவை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். இன்றுவரை அதைச் சொல்லி அழுகிறார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், யானைமலை அடிவாரச் சாலையில் இரண்டு மாதமாக ஒரு லேப்ரடார் கிடக்கிறது. கழுத்தில் பட்டை இருந்த தடம் இன்னும் மறையவில்லை. பைக் வந்தாலும் பஸ் வந்தாலும் அசைவதில்லை. வெள்ளைக் கார் வந்தால் மட்டும் எழுந்து நிற்கிறது. அதை வாங்கியவரும் ஒருநாள் குட்டியைக் கொஞ்சிப் படம் எடுத்திருப்பார். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து, பன்னிரண்டு வருடச் செலவை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனாலும் காரிலிருந்து இறக்கிவிட்ட அந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். குட்டியை இப்போது வாங்காதே, ஆனால் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மாதம் 4,000 ரூபாயை எடுத்து வை. சாப்பாட்டுக்குப் பாதி, ஊசி, மருந்து, திடீர் நோய்க்குப் பாதி. தீபாவளி வந்தாலும் நண்பன் கல்யாணம் வந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டினால் நானே உன்னோடு வந்து குட்டி பார்க்கிறேன். அதற்குள் லேப்ரடார்தான் வேண்டுமா, நம் வெயிலுக்குப் பழகிய சிப்பிப்பாறை நாட்டு இன நாயோ தெருக்குட்டியோ போதுமா என்றும் யோசி என்றேன். முகம் சுருங்கித்தான் போனான்.

நேற்று சம்பள நாள். இரவு முதல் மாதப் பணத்தை என் கணக்குக்கு அனுப்பிவிட்டு, "நீங்களே வைத்திருங்கள் மாமா, என்னிடம் இருந்தால் செலவாகிவிடும்" என்றான். மொய் நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறேன். ஊர்: திருமங்கலம். தொகை: 4,000. பெயர் எழுதும் இடத்தை மட்டும் குட்டிக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.