போட்டோ சரி, மீன் எங்க?

(பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு. மே மாதம், சனிக்கிழமை மத்தியானம். விடியுமுன்னே கேமராப் பையோடு தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் போனவர் இப்போதுதான் செருப்பைக் கழற்றுகிறார். அடுப்படியில் புளி கரைத்து, தேங்காய் அரைத்து, சட்டி தயாராக இருக்கிறது. வீட்டம்மா பிறந்து வளர்ந்தது அதே திரேஸ்புரம்தான். கணவருக்கு அது அடிக்கடி மறந்துபோகும், நீங்கள் மறந்துவிடாதீர்கள்.)

அவள்: வாங்க. மீன் எங்க?

அவர்: முந்நூத்தி நாப்பது எடுத்திருக்கேன்.

அவள்: மீனா?

அவர்: போட்டோ பிள்ள.

அவள்: அரைச்சு வச்ச தேங்காய்க்குள்ள போட்டோவைப் போட்டா கொதிக்க வைக்க?

அவர்: ஒரு மனுசன் கலைக்காக அம்பது கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கான்...

அவள்: ஹார்பருக்குப் போயிட்டு வெறுங்கையோட திரும்புன ஆளு எங்க வம்சத்துலயே நீங்கதான். சரி, காட்டுங்க. என்ன மீன் வந்திருக்குன்னாவது பாப்போம்.

அவர்: இது மொதப் படம். சூரியன் கடலை விட்டு எந்திரிக்கு. வள்ளத்துல நாலு பேரு.

அவள்: நாலும் கரிக்கட்டை மாதிரில்லா நிக்கி?

அவர்: வெளிச்சம் பின்னால இருந்து வந்தா அப்படித்தான் வரும். அதுதான் அழகே.

அவள்: மொகம் தெரியாம எடுக்கதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம தெருவுல கரண்டு போனப்ப எடுத்திருக்கலாம்.

அவர்: இதைப் பாரு. பெரியவர் வலையை மடியில போட்டுக்கிட்டு கடலையே பாக்காரு. 'காத்திருப்பு'ன்னு தலைப்பு வச்சிருக்கேன்.

அவள்: இது எங்க சின்னையா. டீ வாங்கப் போன பயலைப் பாக்காரு. டீக்கடை அந்தப் பக்கந்தான்.

அவர்: கண்ணுல ஒரு சோகம் தெரியுதா இல்லியா?

அவள்: அது பொரை. ஆபரேசனுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்காரு.

அவர்: இந்தப் பாட்டிதான் என்னைய ஏசிட்டு. சும்மா நின்னேன், ஒண்ணும் பண்ணல.

அவள்: பெட்டியத் திறக்குமுன்ன கேமராவ நீட்டியிருப்பிய. போணி ஆவாம படம் பிடிச்சா ஏசாம கொஞ்சுவாவளா? நூறு ரூவாய்க்குச் சாளை வாங்கிட்டு, "ஆச்சி, ஒரு படம்"னு கேட்டிருந்தா சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கும். சாளையும் வீடு வந்து சேந்திருக்கும்.

அவர்: விடு. இதுதான் பரிசுக்கு அனுப்பப் போறது. மீனோட கண்ணு, ரொம்பக் கிட்டப் போயி எடுத்தேன். 'கடலின் கண்ணீர்'.

அவள்: ஐஸ் தண்ணி. கண்ணு குழிஞ்சு வெளுத்துப் போயிருக்கு, கடல்லயே நாள்கணக்கா தங்கிப் பிடிக்கதுல மொத நாள் பிடிச்சதா இருக்கும். புது மீனுன்னா கண்ணு தெளிஞ்சு முட்டிக்கிட்டு நிக்கும், செவுளைத் தூக்குனா ரத்தச் செவப்பா இருக்கும். இதை வாங்காம வந்ததுக்கு மட்டும் உங்களைக் கும்பிடலாம்.

அவர்: அடுத்தது ஏலம். சீலா எப்படிக் கெடக்கு பாத்தியா, வெள்ளிப் பாளம் மாதிரி!

அவள்: பின்னால ஏன் எல்லாம் கலங்கிப் போயிருக்கு?

அவர்: அப்பர்ச்சரை 1.8-ல வச்சா முன்னால உள்ளது பளிச்சுன்னு இருக்கும், பின்னால உள்ளது கரைஞ்சிரும். படிச்சுப் பழகுனது.

அவள்: கரைஞ்சதுல நீலச் சட்டை யாரு?

அவர்: யாரோ... அடுத்த படம் பாரு, கடல்காக்கா.

அவள்: காக்காவை நவட்டுங்க. காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். பொய் சொல்லும்போது எந்தம்பிதான் அப்படி நிப்பான்.

அவர்: அவனா இருக்காது. அவன் வள்ளந்தான் இஞ்சின் பழுதாச்சே.

அவள்: ஆமா, அப்படிச் சொல்லித்தான் போன மாசம் இருபதாயிரம் வாங்கிட்டுப் போனான். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு போகக் கூடாது. இப்ப இவனை மாதிரி நாட்டுப்படகுக்காரன் சொல்லுததுதான் வெல. இந்தக் காலத்துல தராசுல சீலாவை வச்சுக்கிட்டு நிக்கவனுக்குக் கஷ்டமாம்! அடுத்ததைக் காட்டுங்க. இதுலயும் நீலச் சட்டை கலங்கிருக்கு. இதுலயும். இந்தா, இதுல அவன் முன்னாலல்லா நிக்கான்! முன்னால உள்ளது பளிச்சுன்னு இருக்கும்னிய?

அவர்: அது... கை ஆடிட்டு.

அவள்: ஆடுன கையக் குடுங்க. (முகர்ந்து பார்க்கிறாள்) பொரிச்ச மீனு.

அவர்: லென்சுல தண்ணி தெறிச்சிது, அதைத் துடைச்ச கை.

அவள்: லென்சுக்கு மிளகாப்பொடியும் தடவுனியளோ?

அவர்: ரெண்டே ரெண்டு துண்டு பிள்ள. "அத்தான், அக்காட்ட காட்டுத படத்துல நான் தெரியக் கூடாது"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். நான் என்ன செய்ய?

அவள்: (போனில்) எலே, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடல் கெடையாதுல்லா? பூசை முடிஞ்ச கையோட இருபதாயிரத்தையும் ரெண்டு கிலோ சீலாவையும் எடுத்துக்கிட்டு வந்து சேரு. ...யாரு சொன்னாவன்னு உனக்கு எதுக்கு? ...ஓகோ. ...அப்படியா?

அவர்: நான் சொல்லலன்னு சொல்லு! படத்துலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லு!

அவள்: (போனைப் பொத்திக்கொண்டு) அதெல்லாம் கெடக்கட்டும். ரெண்டு துண்டு இல்லியாம், ஏழாம்.