பார்க்கக் கொடுத்தேன், பரப்பக் கொடுக்கவில்லை

இணையத்தில் கடவுச்சொல் போட்டு நான் வைத்திருந்த எங்கள் குடும்பக் கொடிவழியை, கடந்த வாரம் உறவினர் ஒருவர் என்னைக் கேட்காமல் ஊரறியப் பரப்பிவிட்டது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். மூன்று நாட்களாக அறிவுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பார்ப்பதற்குத்தான் கொடுத்தேன். ஒன்றுவிட்ட தம்பி முறை என்பதால் கடவுச்சொல்லை நானே அனுப்பினேன். அவர் அதிலிருந்த 340 பேரையும் மொத்தமாக இறக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வேறொரு தளத்தில் தம் பெயரில் ஏற்றிவிட்டார். அதில் 62 பேர் உயிரோடு இருப்பவர்கள். அவர்களுடைய பிறந்த தேதி, தாயின் பெயர், இப்போது வசிக்கும் ஊர், எல்லாம் போய்விட்டன. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பழைய பதிவுகள் ஏற்கெனவே பொதுவில்தானே இருக்கின்றன?" என்கிறார்கள். இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்காலின் பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள அரசுக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஏழு ஆண்டுகள் இரவு இரவாக அவற்றின் முன் உட்கார்ந்தவன் நான். பெரும்பாலான பதிவுகளில் குடும்பப்பெயரே கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்ததை எழுத்துக்கூட்டியதில் எங்கள் கொள்ளுத்தாத்தா மூன்று பதிவுகளில் மூன்று ஆட்களாக நின்றார். விரும்பியவர்கள் தங்கள் தனிச்சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்ற 1881 ஆணைக்குப் பிறகு அவருடைய அண்ணன் இந்துத் தனிச்சட்டத்தைத் துறந்து புதிய குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டார். கொள்ளுத்தாத்தா மறுத்துவிட்டார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் காகிதத்தில் அந்நியர்களாகிவிட்டார்கள். அவர்களை மீண்டும் அண்ணன் தம்பியாக்கியது எந்தக் காப்பகமும் அல்ல.

சரி, என் உழைப்பை விடுங்கள். அந்தப் பதிவேடுகளை வைத்திருக்கும் பிரெஞ்சு அரசே பிறப்பு, திருமணப் பதிவுகளை 75 ஆண்டுகள் ஆகும்வரை எல்லாருக்கும் திறந்துவிடுவதில்லை. ஓர் அரசாங்கம் 75 ஆண்டுகள் காத்திருக்கிறது. தம்பியால் ஒரு தொலைபேசி அழைப்பு நேரம் காத்திருக்க முடியவில்லை.

"வெறும் பெயரும் தேதியும்தானே?" புதுச்சேரிக்காரர் கேட்கிற கேள்வியா இது? 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்காக, தாத்தா அன்று எழுதிக் கொடுத்தாரா, இல்லையா என்பதைத் தேடி இன்றும் பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள். இந்த ஊரில் ஒரு பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் என்ன விலை பெறும் என்று நமக்குத் தெரியாதா?

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. கடலூர்ப் பக்கத்து உறவுகளுக்குப் பிரெஞ்சுப் பதிவேடு கிடையாது. அங்கே எனக்குக் காப்பகம் என்றால் மஞ்சக்குப்பத்து அத்தைதான். 2011 டிசம்பரில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது, அவருடைய தகரப் பெட்டியிலிருந்த பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் நனைந்து ஒட்டிக்கொண்டன. திண்ணையில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்திப் படமெடுத்தேன். அப்போதுதான் அத்தை ஒரு விஷயத்தைச் சொன்னார். "எழுதி வை, மறந்துபோகக் கூடாது. ஆனால் நான் போகிறவரைக்கும் வெளியே வரக் கூடாது" என்றார். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் தம்பி ஏற்றிய அந்தத் தளத்தில் இப்போது அது யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது.

அதை ஏன் குறித்து வைத்தாய் என்று கேட்கிறீர்கள். அத்தை குறித்து வைக்கச் சொன்னார், வைத்தேன். சொந்தக்காரரிடம் சாவி கொடுத்தது தவறென்றால் அந்தத் தவறை ஏற்கிறேன். வேறு எதையும் ஏற்கமாட்டேன்.

"ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைப் பூட்டி வைத்திருந்தால் நமக்கு வரலாறு கிடைத்திருக்குமா?" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை 1761இல் இறந்தார். அந்த நாட்குறிப்புகள் கண்டெடுக்கப்பட்டது 1846இல். அவற்றில் எழுதப்பட்டவர்களில் யார் அன்று தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்தது?

தகவலைப் பகிர மறுக்கும் கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள்; அந்தச் சொல்தான் அதிகம் வலித்தது. 1854 டிசம்பரில் ஒரேலி கப்பல் இந்தியாவிலிருந்து போன முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இறக்கியது. அதன் பிறகு கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேத்தி ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுதினார். தமிழ் தெரியாது. தம் முன்னோர் ஒருவரின் பெயரும் ஊரும் மட்டும் கையில் இருந்தன. நான்கு மாதம் தேடி, கிடைத்த அத்தனையையும் அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு, "இதை என் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று கேட்டார். தம் சொந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட அனுமதி கேட்டார்! கடல் தாண்டியிருக்கும் முகம் தெரியாத பெண்மணிக்குத் தோன்றியது, என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தோன்றவில்லை.

நேற்று அத்தைக்கு ஆறு முறை தொலைபேசியில் அழைத்தேன். ஆறாவது முறை மருமகள் எடுத்து, "பெரியவர் பேச விரும்பவில்லை" என்றார். என்னை மடியில் வைத்து வளர்த்தவர்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். இறந்துபோன 278 பேரை வைத்துக்கொள், உன் பெயரிலேயே வைத்துக்கொள், நான் கேட்கமாட்டேன். உயிரோடு இருக்கும் 62 பேரை எடுத்துவிடு. முதலில் அத்தையின் பக்கத்தை எடு. இன்றைக்கே எடு.