‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்ற வரி போதாது

சென்ற வாரம் ஒரு முனைவர் பட்ட மாணவி தம் முதல் ஆய்விதழ்க் கட்டுரையின் வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் உப்பேறுவது பற்றிய நல்ல ஆய்வு. கட்டுரைக்குள் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. நன்றியுரைக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன். நிதிநல்கை அளித்த நிறுவனத்தின் பெயரும் திட்ட எண்ணும் சரியாக இருந்தன. துறைத்தலைவருக்கும் கல்லூரி முதல்வருக்கும் ‘இடையறாத ஊக்கத்திற்காக’ நன்றி கூறப்பட்டிருந்தது. கடைசி வரி, ‘மற்றும் உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று முடிந்திருந்தது. அந்த ‘அனைவர்’ யார் என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக நீர் மாதிரிகளைச் சோதித்துக் கொடுத்த ஆய்வக உதவியாளர், புள்ளியியல் கணக்குகளைச் சரிபார்த்த வேறு துறைத் தோழி, கிணறு கிணறாக அழைத்துச் சென்ற ஊர்க்காரர் ஒருவர் என்றார். மூவரின் பெயரும் கட்டுரையில் எங்கும் இல்லை.

இதை அவருடைய பிழையாக நான் கருதவில்லை. நன்றியுரை எழுத நமக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறோம். ஆய்வேட்டின் முன்பக்கங்களில் பெற்றோருக்கும் குலதெய்வத்துக்கும் நன்றி சொல்வது அவரவர் உரிமை, அதற்கு அங்கே இடமும் உண்டு. ஆய்விதழ்க் கட்டுரையின் நன்றியுரை அப்படிப்பட்டதன்று. இந்த முடிவுகள் யார் பணத்தில், யார் யார் உழைப்பில் கிடைத்தன என்பதற்கு அதுவே சான்று. ஆகவே ஒவ்வொருவரின் பெயரும், அவர் செய்த வேலையும் அங்கே இருந்தாக வேண்டும்.

1955-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகிய அறிவியலாளர் மூவரும் எழுதிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. கணினியைக் கொண்டே ஒரு இயற்பியல் சோதனையை நடத்திப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று அது. அதன் அடிக்குறிப்பில், கணக்குகளுக்குத் திறம்பட நிரல் எழுதி ‘மேனியாக்’ கணினியில் ஓட்டித் தந்ததற்காக மேரி சிங்கூ என்ற பெண்ணுக்கு நன்றி கூறியிருந்தார்கள். அவ்வளவுதான், ஒரே வாக்கியம். பல பத்தாண்டுகளாக, அந்த ஆய்வு எழுப்பிய சிக்கல் மூன்று ஆண்களின் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டது. 2008-இல் தியரி டோக்சுவா என்ற இயற்பியலாளர் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் சிங்கூவின் பங்கை விரிவாக எடுத்துக் கூறி, நான்காவது பெயரையும் சேர்த்தே இனி அதை அழைக்க வேண்டும் என்று எழுதினார். இன்று பலரும் அப்படியே எழுதுகிறார்கள். அந்த அடிக்குறிப்பில் ‘கணக்கிட உதவியவர்களுக்கு நன்றி’ என்று மட்டும் இருந்திருந்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்து எதைப் பிடித்துக்கொண்டு அவரைத் தேடிப் போயிருக்க முடியும்?

பெயர் இருந்தும் வேலை சொல்லப்படாமல் போனதற்கும் உதாரணம் உண்டு. டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் இருவரும் 1953-இல் தம் கட்டுரையின் இறுதியில், அதே டி.என்.ஏ.வை எக்ஸ்-கதிர்களால் படமெடுத்து ஆராய்ந்துவந்த வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் ஆகியோரின் வெளியிடப்படாத முடிவுகளின் ‘பொதுவான தன்மையை’ அறிந்திருந்தது தங்களைத் தூண்டியதாக எழுதினார்கள். எந்த முடிவு, எந்தப் படம், எந்த அளவு என்று அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியாது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு உரிய பங்கு எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2019-இல் ‘ஜெனட்டிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று என் மனத்தை மிகவும் தொட்டது. மக்கள்தொகை மரபியல் சார்ந்த ஓர் ஆய்விதழில் 1970 முதல் 1990 வரை வந்த கட்டுரைகளின் நன்றியுரைகளை அந்த ஆய்வாளர்கள் வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். கட்டுரை ஆசிரியர்களில் பெண்கள் ஏறத்தாழ 7 சதவீதம். நிரல் எழுதியதற்காக நன்றி கூறப்பட்டவர்களில் பெண்கள் ஏறத்தாழ 43 சதவீதம். பெயரையும் வேலையையும் அன்று எழுதி வைத்திருந்ததால்தான் இந்தக் கணக்கைப் போட முடிந்தது.

நன்றியுரையில் எல்லாரையும் சேர்த்துவிட்டால் ஆசிரியர் பட்டியல் நேர்மையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் நிறைவேறியவர் ஆசிரியர். மற்றவர்கள் நன்றியுரைக்கு உரியவர்கள். இந்த வரம்பின்படி, பதவியின் பொருட்டு மட்டும் ஆசிரியர் பட்டியலில் ஏறும் பெயர்கள் இறங்கியாக வேண்டும். இதைச் சொன்னால் வருத்தப்படும் பெரியவர்கள் உண்டு என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அதே குழு இன்னொன்றும் சொல்கிறது: நன்றியுரையில் ஒருவர் பெயரைச் சேர்ப்பதானால், அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது, இல்லாவிட்டால் கட்டுரையின் முடிவுகளை அவரும் ஏற்கிறார் என்று படிப்பவர் எண்ணக்கூடும். நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். என் முதல் கட்டுரையில் நானும் ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்றுதான் எழுதினேன். உண்மையில் அந்த ‘மக்கள்’ ஒரே ஒருவர், ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உப்புக் கரிக்கத் தொடங்கும் என்று அறிந்தவர். கயிற்றை இறக்கி முழக்கணக்கில் நீர்மட்டம் பார்த்து, தினசரிக் காலண்டர் தாள்களின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள்களை வைத்துத்தான் எங்கள் கோடைக்கால அளவுகளைச் சரிபார்த்தோம். அந்தக் கட்டுரையை இன்றும் என்னால் நிறைவோடு எடுத்துக்காட்ட முடியவில்லை.

இரண்டாவது கட்டுரைக்கு அனுமதிக் கடிதத்தோடு அவரிடம் போனேன். தொட்டியடியில் நின்றபடியே முழுவதும் படித்தார். “இனிஷியல் இல்லாம போட்டா அது நான் இல்ல சார், இந்தப் பேர்ல தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கோம்” என்று சொல்லி, என் பேனாவை வாங்கித் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாமே சேர்த்துக் கையெழுத்திட்டார். அச்சுக்கு முந்தைய படியில் அந்த எழுத்து விடுபட்டிருந்தது. திருத்தக் கேட்டு எழுதினேன், திருத்தினார்கள். அவர் அனுமதித்தது கட்டுரைக்கு மட்டுமே என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

மாணவி நேற்று திருத்திய வரைவை அனுப்பியிருக்கிறார். மூன்று பெயர்களும், மூவரும் என்ன செய்தார்கள் என்பதும் அதில் இருக்கின்றன. ஆய்வக உதவியாளர் விடுப்பில் ஊருக்குப் போயிருப்பதால், அவர் திரும்பி வந்து ஒப்புதல் தந்த பிறகுதான் இதழுக்கு அனுப்பப் போகிறாராம்.