அரை நிமிடத்தில் பேஸ் கேட்காது

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டு மொட்டைமாடியில், நாம் கூடிப் பாட்டுக் கேட்கிற கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். "அண்ணன் ஏன் பாதியில் எழுந்து போனார்?" என்று என்னைப் பற்றி நேற்று மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கான பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தாள அடியை முன்னால் வைக்கிற அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசையான ஃபங்கில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிதாருக்குப் பெயர்போன பூட்ஸி காலின்ஸின் 'ஆல்பம் ஆஃப் தி இயர் நம்பர் ஒன் ஃபங்கடீர்' 2025 ஏப்ரலில் வந்தது. அதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டுக்கொண்டவனே நான்தான். தம்பி ஒருவர் அலைபேசியை எடுத்து, பாட்டுக்கு அரை நிமிடம் வீதம் ஓடவிட்டு, அடுத்தது, அடுத்தது என்று விரலால் தள்ளிக்கொண்டே போய், ஐந்தாவது பாட்டிலேயே தீர்ப்புச் சொல்லி முடித்தார். "பேஸையே காணோம். தாத்தா இனி ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இசை தெரிந்தவர், நன்றாகக் கிதார் வாசிப்பவர். அதனால்தான் மனம் ஆறவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது. பேஸ் கிதாரின் தடித்த கம்பியைத் திறந்தபடி மீட்டினால் வருகிற சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அடுத்தது 55, அதற்கடுத்தது 73, மெல்லிய கம்பிகூட 98தான். நான்குமே நூறுக்குக் கீழே. அலைபேசிக்குள் இருக்கும் நகமளவு ஒலிபெருக்கியோ இருநூறு முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினாலே திணறிப்போகும். அந்தச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகளை வைத்து, கீழே என்ன இருக்கும் என்று காது ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்தில் மெட்டு புரியும். நெஞ்சுக்கூட்டில் வந்து விழுகிற கனம் புரியாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முழக்கயிற்றை விட்டுவிட்டு, கிணறே வற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வது நியாயமா? பேஸையே காணோம் என்று சொல்வதற்கு முன்னால், பேஸ் வரக்கூடிய ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்டிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை. அதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

பூட்ஸி யார் என்று அந்த மாடியில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சிரித்த சத்தத்தில் அது மறந்துபோனது போலத் தோன்றியது. 1951இல் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் பிறந்தவர். அண்ணன் கேட்ஃபிஷ் கிதார் வாசிப்பார். அவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்ற ஆசையில், 29 டாலர் விலையுள்ள ஒரு கிதாரில் நான்கு பேஸ் கம்பிகளைப் பூட்டி வாசிக்கத் தொடங்கியவர். 1970இல் ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவினர் சம்பளத் தகராறில் விலகிக்கொண்டபோது, அண்ணனும் தம்பியும் தங்கள் குழுவோடு போய் அந்த இடத்தில் நின்றார்கள். அப்போது பூட்ஸிக்கு 18 வயது. கை நிறைய வித்தை வைத்திருந்த பையனிடம் பிரவுன் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: தாளச் சுற்றின் முதல் அடியில் கனமாக வந்து விழு; அதற்குப் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஃபங்க் இசைக்காரர்கள் 'தி ஒன்' என்று சொல்வது இதைத்தான். பிரவுனிடம் ஓராண்டுகூட நிற்கவில்லை. பிறகு ஜார்ஜ் கிளிண்டனின் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் குழு, 1976 முதல் ரப்பர் பேண்ட் என்ற சொந்தக் குழு, நட்சத்திர வடிவில் ஒரு பேஸ் கிதார் என்று எங்கெங்கோ போனார். அந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

எனக்கு அந்த ஒன்று புத்தகத்தில் படித்துப் புரிந்ததில்லை. நான் சோமனூர்க்காரன். வீட்டை ஒட்டியே தறிக் கூடம். அப்பா எட்டு விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவில் கயிற்றுக் கட்டிலில் அசந்து தூங்குவார். ஊடு நூல் அறுந்து ஒரே ஒரு தறி நின்றால் போதும், சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாரியம்மன் நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: அடி எவ்வளவு சுற்றிச் சுழன்று போனாலும், ஆடுகிறவர்களின் கால்கள் எல்லாம் ஒன்றாக வந்து மண்ணில் விழுகிற அடி ஒன்று உண்டு. 1990களில், திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருந்த என் மாமன் மகன், துணி வாங்க வந்த பையர் ஒருவர் விட்டுச்சென்ற கேசட் என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலட்டை இல்லை, பெயர் இல்லை. போட்டதும் என் கால் தானாகத் தரையில் விழுந்தது. அதில் வாசித்தவர் பூட்ஸி காலின்ஸ் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

"நம்மூரில் பறையும் ஜமாப்பும் இருக்கும்போது அமெரிக்கக்காரன் பாட்டுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று யாராவது கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு இனி நான் பதில் சொல்லப் போவதில்லை. மேலே சொன்னதே பதில்.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. விருந்தினர்கள் அதிகம். ராப் அதிகம். சில பாட்டுகளில் பூட்ஸி வாசலில் நின்று வரவேற்றுவிட்டு உள்ளே வராமலே இருந்துவிட்டாரோ என்ற ஏக்கம் எனக்கும் வந்தது. தாளம் பல இடங்களில் என் காதுக்குக் கொஞ்சம் இறுக்கமாக, கணினியில் அளந்து வைத்தது போல இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். 1976, 1977 ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஒரு வெறுமை தெரியத்தான் செய்யும். அந்த வெறுமைக்கு எனக்குத் தெரிந்த காரணத்தையும் சொல்கிறேன். அண்ணன் கேட்ஃபிஷ் 2010இல் போய்விட்டார். கீபோர்டில் பெர்னி வொரெல் 2016இல் போய்விட்டார். பக்கத்தில் நின்று வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, தனியாக நிற்கிற மனிதர் இளையவர்களை வீட்டுக்குள் கூப்பிடுகிறார். அதற்குப் பெயர் விருந்தினர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதா?

நீங்கள் அரை நிமிடத்தில் தள்ளிவிட்ட 'தி இன்ஃப்ளூயன்ஸர்ஸ்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்னூப் டாக், விஸ் கலீஃபா, டேவ் ஸ்டூவர்ட் என்று பெயர்களாகவே இருப்பதைப் பார்த்து உதடு பிதுக்கினீர்கள். நல்ல பெட்டியில் போட்டு, குரல்களை விட்டுவிட்டு, அடியில் மட்டும் காதை வைத்துக் கேளுங்கள். மேலே ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே இருக்கிற வீடு ஒன்றுதான். பூட்ஸியின் கைக்கு உரிய 'வாவ்' என்ற ஒலியை அறிந்தவர்கள் அறிவார்கள். 1970களில் மியூட்ரான் என்ற சிறு பெட்டி வழியாக அவர் பேஸை அனுப்பத் தொடங்கினார். கம்பியை எவ்வளவு அழுத்தி மீட்டுகிறாரோ அவ்வளவு வாயைத் திறக்கும் கருவி அது. மெதுவாகத் தொட்டால் முணுமுணுக்கும், ஓங்கித் தொட்டால் அகலத் திறந்து பேசும். யாரும் விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் எந்தச் சுரத்துக்கு வாயைத் திறக்க வேண்டும் என்பது விரலில் இருக்கிறது. அந்த விரலின் குணம் இந்த ஆல்பம் முழுவதும் இருக்கிறது என்பதுதான் என் முடிவு. நான்கு தடவை, முழுதாக, உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

"அவர்தான் வாசிப்பதையே நிறுத்திவிட்டாரே" என்றும் ஒருவர் சொன்னார். உடல்நிலை காரணமாக மேடையில் பேஸ் வாசிப்பதை நிறுத்திக்கொள்வதாக 2019இல் அறிவித்தார், உண்மைதான். அதற்குப் பிறகு 2020இல் ஓர் ஆல்பம் வந்தது, இப்போது இது வந்திருக்கிறது. சில்க் சோனிக் என்ற இரட்டையர் குழுவை நீங்கள் எல்லோரும் கொண்டாடினீர்களே, அந்தப் பெயரைச் சூட்டியவரும் 2021இல் அவர்களுடைய ஆல்பத்தைத் தொகுத்து வழங்கிய குரலும் இவர்தான். இன்னொன்றும் சொல்கிறேன். 1978இல் வந்த பார்லிமென்டின் 'ஃபிளாஷ் லைட்' பாட்டின் பேஸைத் தெய்வ வாக்குப் போலச் சொல்வீர்கள். அதை வாசித்தது பூட்ஸி இல்லை. பெர்னி வொரெல் மினிமூக் சிந்தசைசரில் வாசித்தது. அதனால் அந்தப் பாட்டு தாழ்ந்துபோயிற்றா? யார் கை என்று எண்ணிப் பார்க்கிற இசையே இல்லை இது. கூடி உழுகிற காட்டில் என் ஏர் உன் ஏர் என்று பார்ப்பதில்லை.

'இந்த ஆண்டின் ஆல்பம்' என்று தானே பெயர் வைத்துக்கொள்வது திமிர் என்றார் வேறொருவர். 1978இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே 'பூட்ஸி? பிளேயர் ஆஃப் தி இயர்'. அன்றைக்கு அதை யாரும் திமிர் என்று சொல்லவில்லை. 26 வயதில் துள்ளல் என்றால் 73 வயதிலும் துள்ளல்தான். வயதானவன் அடங்கி உட்கார வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது, அதை அவர் தலையில் ஏற்றுகிறோம்.

தாத்தா என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

எனக்குப் பேஸ் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். பல்லடம், காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் என்று நோம்பி நடக்கிற ஊரெல்லாம் வேனில் போவோம். நான் அவருடைய ஆம்ப்பைத் தூக்குகிற பையன். மேடையில் பாடகருக்கு விளக்கு விழும், கீபோர்டுக்காரருக்குக் கைதட்டல் விழும், இவர் டிரம்ஸுக்குப் பக்கத்து இருட்டில் நின்று கண்ணை மூடி வாசிப்பார். 25 வருடம் அப்படி வாசித்தவரை, காங்கேயம் பக்கத்தில் ஓர் ஊரில், நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒருவர் கூப்பிட்டு, "பேஸ்தான் கீபோர்டுலயே வந்துருதுங்களே, அதுக்குத் தனியா ஓர் ஆளு எதுக்குங்க?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. கிதாரைத் துடைத்து உறையில் வைத்தார். மேடைக்குக் கீழே மணலில் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டு எங்களோடு அதே வேனில் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு நூல் குடோனில் கணக்கு எழுதப் போய்விட்டார். அந்தப் பேஸ் இன்றும் அவர் கட்டிலுக்கடியில், பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது. கம்பிகள் துருப்பிடித்துவிட்டன.

கேட்காமலே தேவையில்லை என்று சொல்வதை நான் முதலில் கேட்டது அன்றைக்கு. இரண்டாவது முறை ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போட்டிருந்த கடைசி நாற்காலியில், வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரே, யாரும் யாரென்று கேட்கவில்லையே, அவர்தான். பூட்ஸியைவிட ஒரு வயது மூத்தவர். நல்ல பிள்ளைகள், பாட்டு கேட்பவர்கள், வாருங்கள் என்று நான்தான் சோமனூரிலிருந்து கூட்டி வந்தேன். "தாத்தா இனி ரெஸ்ட் எடுக்கலாம்" என்று நீங்கள் சொல்லி எல்லோரும் சிரித்தபோது, அவரும் மரியாதைக்காகச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தது தவறுதான். அதற்கு மட்டும் வருத்தம் தெரிவிக்கிறேன்.

பேருந்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. நீலாம்பூர் தாண்டிய பிறகு, "அந்த மூணாவது பாட்ட முழுசாப் போடச் சொல்லிருக்கலாங்கண்ணு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டில் பெரிய பெட்டிகளில் போட்டேன். இப்போதெல்லாம் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் பதித்து உட்கார்ந்தார். இரண்டு சுற்று வரை அசையவில்லை. மூன்றாவது சுற்றில் இடது கை விரல்கள் தொடையின் மேல் சுரத்துக்குச் சுரம் இடம் மாறத் தொடங்கின. பாட்டு முடிந்ததும் கையை எடுக்காமலே சொன்னார்: "ஒண்ணுலதான் கண்ணு வந்து உக்கார்றான். இன்னொருக்காப் போடு."