பைய-ன்னா மெதுவா. அவ்வளவுதான்.

குடும்ப குரூப்ல அந்த வீடியோவைப் பாத்தவங்களுக்கு நான் எதைச் சொல்ல வரேன்னு தெரியும். பாக்காதவங்க பாக்கவே வேண்டாம்.

படியில குதிச்சுக் குதிச்சு இறங்குன பேரன்கிட்ட எங்கம்மா, "ஏல, பைய போ"ன்னாங்க. உடனே ஒருத்தர், "எந்தப் பையை எடுத்துட்டுப் போகணும் பாட்டி? ஸ்கூல் பையா, மளிகைப் பையா?" வீடே சிரிச்சுது. அம்மாவும் சேர்ந்து சிரிச்சாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

பைய-ன்னா மெதுவா. அம்பாசமுத்திரத்துல மட்டும் இல்லங்க, திருக்குறள்லயும் அதான் அர்த்தம். 1098-ஆவது குறள், "பசையினள் பைய நகும்". அந்தப் பொண்ணு பைய சிரிக்கிறா. நீங்க சிரிச்சதுதான் பைய இல்ல. "பையவே சென்று பாண்டியற்கு ஆகவே"ன்னு சம்பந்தர் பாடினாரே, அவர்கிட்டயும் எந்தப் பைன்னு கேப்பீங்களோ?

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இவ்வளவு நீட்டமா?"ன்னு வருவீங்க. விளையாட்டுதான். 2006-ல சென்னை ஹாஸ்டல்ல நான் "சொல்லுதேன்"னு வாயைத் திறந்தப்பவும் விளையாட்டுதான். மெஸ் வரைக்கும் "சொல்லுதேன், சொல்லுதேன்"னு பின்னாடியே வந்தாங்க. ஒரே செமஸ்டர். "சொல்றேன்" வந்துருச்சு. வெஞ்சனம் சைடு டிஷ் ஆயிருச்சு. "அப்பா வந்தாவ" போய் "அப்பா வந்தாங்க" ஆயிருச்சு. அந்த "வந்தாவ"ல மரியாதையும் ஒட்டுதலும் சேர்ந்தே இருக்கும். "வந்தாங்க"ல எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது கிடைக்கல.

"நீ மெட்ராஸ்காரங்களை 'இஸ்துகினு'ன்னு கிண்டல் பண்ணதில்லையா?" பண்ணியிருக்கேன். அது வேற, இன்னொரு நாள் பேசுவோம்.

"பிள்ளைங்களுக்குக் குழப்பமாகும்"னு அந்த வீட்டுலயே ஒருத்தங்க சொன்னாங்க. இங்கிலீஷ், இந்தி, பிரெஞ்சுன்னு மூணையும் அந்தப் பிள்ளை தலையில ஏத்தும்போது வராத குழப்பம், பாட்டி சொல்ற ஒரு "பைய"ல வந்துருமாம். அவன் குழம்பவே இல்ல. பாட்டி சொன்னதும் கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கினான். வீடியோலயே இருக்கு, சத்தத்தைக் குறைச்சுட்டுப் பாருங்க.

சினிமாவுல அரிவாளைத் தூக்கிட்டு "ஏலேய்"னா மட்டும் விசில் அடிக்கிறீங்க. எல்லா வாக்கியத்துக்கும் பின்னாடி "லே"வை ஒட்டினா திருநெல்வேலி ஆயிராது. பெத்தவங்ககிட்ட எவனும் "லே" போட மாட்டான். கரிசல் பேச்சுக்கு கி.ராஜநாராயணன் 1982-லயே அகராதி போட்டாரு. அகராதியில இருந்தா சொத்து, அம்மா வாயில இருந்தா காமெடி!

சரி, யார் மேல இவ்வளவு கோவம்? காபி தட்டோட அங்கனயேதான் நின்னேன். ஒரு வார்த்தை பேசல. நானும் லேசா சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன். அந்த வீடியோவுல என் முகம் இல்ல, அது வரைக்கும் நல்லது.

அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. எப்ப போன் பண்ணினாலும் "ஏட்டி, என்ன செய்யுத?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இன்னைக்குக் காலைல, "என்னம்மா பண்றே?"ன்னாங்க. பக்கத்துல யாரு இருக்கான்னு கேட்டேன்.

யாரும் இல்லையாம்.