கருப்பட்டி மிட்டாய்க்கு ஹேஷ்டேக் கிடையாது

தீபாவளி வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்தாலும் சரி, அந்த '90ஸ் கிட்ஸ் மிட்டாய்ப் பெட்டி' விளம்பரம் தலைகாட்டிவிடுகிறது. தேன் மிட்டாய், கமர்கட், கல்கோனா, எலந்தவடை, ஆரஞ்சு மிட்டாய், கூடவே ஒரு சவ்வு மிட்டாய். கீழே ஆளாளுக்கு 'அந்தக் காலம் இனி வருமா' என்று உருகிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இதெல்லாம் எங்கே போச்சு? பாளையங்கோட்டையில் எந்த மொத்தக் கடையில் கேட்டாலும் பாக்கெட் பாக்கெட்டாக எடுத்துப் போடுவார்கள். போனது மிட்டாய் இல்லை, காசு. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. நாலணாவே இல்லாத ஊரில் நாலணா மிட்டாய்க்கு என்ன வேலை? எல்லாம் ஒரு ரூபாய்க்கு ஏறியது, அப்புறம் பாக்கெட்டுக்குள் போனது. இப்போது அழகான அட்டைப்பெட்டியில் ஏறி, கூரியரில் வருகிறது. வாங்கிச் சாப்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒழிந்துபோன பண்டம் என்று அதற்கு ஒப்பாரி வைக்காதீர்கள்.

சிலது ஒழிந்ததே நல்லது என்றும் சொல்வேன். பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருக்கிறது என்று கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை போட்டதே, அன்றைக்கும் 'எங்கள் பால்யத்தைப் பறிக்கிறார்கள்' என்று ஒரு கூட்டம் எழுதியது. வாயில் வைத்து ஊதுகிற சிகரெட் மிட்டாயை நினைத்து ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஏங்குவதற்கு ஒரு அளவு வேண்டாமா!

கம்பெனி மிட்டாய் கதை இன்னும் வேடிக்கை. பார்லே கம்பெனி 2006-ல் நிறுத்திய ரோலா கோலா மிட்டாயை, ட்விட்டரில் ஒருவர் கேட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் ரீட்வீட் செய்ததால் 2019-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். செய்முறை காகிதத்தில் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, சீனியும் எசன்ஸும் எங்கும் கிடைக்கிறது. பட்டனைத் தட்டினால் மிட்டாய் விழும். கோல்ட் ஸ்பாட் என்ற ஆரஞ்சு குளிர்பானம் திரும்பி வரவில்லை. 1993-ல் கோகோ கோலா அதை வாங்கிக்கொண்டு, தன் ஆரஞ்சு குளிர்பானத்துக்குப் போட்டியாக இருக்க வேண்டாம் என்று ஓரங்கட்டியது. அதுவும் ஒரு முதலாளி மனது வைத்தால் நாளைக்கே வரும்.

திரும்பி வர முடியாத பண்டம் என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊர்க் கருப்பட்டி மிட்டாயைச் சொல்கிறேன்.

'அதுதான் எல்லாத் திருவிழாவிலும் விற்கிறதே' என்பீர்கள். விற்கிறது. ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிப் போனால் ஒரு பக்கம் வெள்ளையாகச் சீனி மிட்டாய், பக்கத்திலேயே பழுப்பாகக் கருப்பட்டி மிட்டாய், மலை மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழுப்பில் கருப்பட்டி எவ்வளவு என்பதுதான் கேள்வி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜிலேபி மாதிரி இருக்கும், ஆனால் ஜிலேபி கிடையாது. பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டிய மாவு. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கடை போடும் அண்ணாச்சி, ஓட்டை போட்ட துணியில் அந்த மாவைப் பொதிந்து, எண்ணெய்க்கு மேலே கையைச் சுழற்றிக்கொண்டே பிழிவார். வளையத்தின் மேல் வளையமாக விழும். ஒரு புரட்டு. மொறுமொறுப்பானதும் கம்பியால் தூக்கி, பக்கத்துச் சட்டியில் இருக்கும் கருப்பட்டிப் பாகுக்குள் அமுக்குவார். உள்ளே குழலாக இருப்பதால் பாகு ஏறி நிற்கும். கடித்தால் முதலில் நொறுங்கும், அப்புறம் பாகு நாக்கில் இறங்கும். அதில் கருப்பட்டியின் லேசான கரிப்பும் புகை வாசமும் இருக்கும். சீனியில் அது வரவே வராது. வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்த ஆச்சிமார் எல்லாருடைய மடியிலும் ஓலைக்கொட்டானில் அந்த மிட்டாய் இருக்கும்.

போன கொடைக்கு ஒரு கடையில் வாங்கிக் கடித்தேன். இனிப்பு இருந்தது, மற்றது எதுவும் இல்லை. "அண்ணாச்சி, இது கருப்பட்டிதானா?" என்றேன். அவர் ஒளிக்கவில்லை. "கருப்பட்டி உண்டு தம்பி, சீனியும் கொஞ்சம் சேந்திருக்கும். முழுக்கக் கருப்பட்டியில போட்டா கட்டுபடியாகாதுல்லா. நீங்க வாங்குவிய, மத்தவன் வாங்கணும்லா?"

அவர் சொன்ன கணக்கில் தப்பு இல்லை. சீனி கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நல்ல கருப்பட்டி 300-ஐத் தாண்டிவிட்டது. அவராவது பாகில்தான் சீனி சேர்க்கிறார், கருப்பட்டியே சீனி கலந்து வருகிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பதநீர் கொதிக்கும்போதே சீனியைக் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? சீனி கலந்ததை உடைத்துப் பார்த்தால் உள்ளே மினுங்கும் என்பார்கள் பெரியவர்கள். எங்கள் ஆச்சி அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி கருப்பட்டியை வைத்திருப்பாள். மழைக்காலத்தில் அது தானாக இளகும். இளகாமல் கல் மாதிரிக் கிடந்தால் கடைக்காரரைத் திட்டுவாள்.

கருப்பட்டிக்கு ஏன் இந்த விலை என்று கேட்டால் பனையடிக்குத்தான் போக வேண்டும். பனையேறுகிறவர் ஒரு நாளைக்கு ஒரே மரத்தில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு தடவையும் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது பதநீர் இல்லை, கள். இறக்கி வந்ததை வீட்டுப் பெண்கள் விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் புகைக்கு நடுவில் மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள், அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம். இதுவும் வருஷம் முழுக்க இல்லை, சில மாதங்கள்தான். மிச்ச மாதங்களுக்கு வேறு வேலை தேட வேண்டும்.

நெல்லை அல்வா ஏன் நிலைத்தது? சம்பா கோதுமை, சீனி, நெய். மூன்றையும் பணம் கொடுத்து எங்கிருந்தும் வாங்கலாம். தூத்துக்குடி மக்ரூனுக்கு முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. முதலூர் மஸ்கோத் அல்வாவுக்குத் தேங்காய்ப்பால், மைதா, சீனி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குக் கடலை, வெல்லம். செய்கிறவர் கைப்பக்குவம் இருந்தால் போதும், சரக்கு லாரியில் வந்து இறங்கும். கருப்பட்டி மிட்டாய்க்கு மட்டும் உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் யாராவது ஒருவர் விடியற்காலையில் மரத்தில் ஏற வேண்டும். (1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் எங்களுக்கு அதெல்லாம் நெல்லைச் சீமைதான். யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

மரத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. செங்கல் சூளைக்கு விறகாக லாரி லாரியாகப் போனது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மாநில மரத்துக்கு அந்தப் பாதுகாப்பே அப்போதுதான் வந்தது. இப்போது பனை விதை நடும் நிகழ்ச்சிகள் நிறைய நடக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் பனை மரம் பாளை விடுவதற்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஏறத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்பதை போட்டோ எடுக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பனையேறிகளின் பிள்ளைகள் படித்து சென்னைக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள் என்றால் அது சரியான முடிவு. தவறி விழுந்தவர் கதை இல்லாத ஊர் அந்தப் பக்கம் உண்டா? நாம் ஏசி அறையில் உட்கார்ந்து பால்ய ருசிக்கு ஏங்குவதற்காக இன்னொருவர் பிள்ளை மரத்தில் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஏறுகிறவருக்கு உரிய கூலி கிடைத்து, அவரே விரும்பி ஏறினால்தான் உண்டு. ஐஸ்கிரீமுக்கும் பீட்சாவுக்கும் வாய் திறக்காமல் கொடுக்கிற நாம், ரோட்டோரம் கருப்பட்டி விற்கிற அக்காவிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். சீனி கலப்பது அந்தப் பேரத்தில்தான் தொடங்குகிறது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கடைகளில் இரண்டு தட்டு வையுங்கள். சீனி கலந்தது ஒரு விலை, முழுக் கருப்பட்டிப் பாகு இன்னொரு விலை. அட்டையில் எழுதி வையுங்கள், எது வேண்டுமோ அவரவர் வாங்கட்டும். கொடை நடத்துகிற கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ராட்டினத்துக்கும் பானிபூரிக்கும் வாங்குகிற தரைவாடகையை, அசல் கருப்பட்டியில் மிட்டாய் போடுகிற ஒரு கடைக்கு மட்டும் தள்ளுபடி செய்தால் என்ன? கொடைக்கு ஊரில் பிரிக்கிற வரிப் பணத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் கடைக்காரர் ஒரு சிப்பம் கருப்பட்டி கூடுதலாக வாங்கத் துணிவார்.

திசையன்விளை பக்கம் இன்னும் முழுக் கருப்பட்டியில் போடுகிறார்கள் என்று ஒரு மாமா சொல்கிறார். கடை பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை எவ்வளவு என்று கேட்க மாட்டேன், அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைப்பார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.